கீரி வீட்டுக் கல்யாணத்தை மயில் நடத்திய கதை

மலையடிவாரத்தில் ஓர் ஓடை. அதன் கரையில் ஒரு வளை. அந்த வளையில் அரசாயி என்ற கீரி குடியிருந்தாள். அவளுடைய மகள் பூவாத்தாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மாப்பிள்ளை ஓடைக்கு அக்கரை. பெயர் காளியப்பன். கோடையில் ஓடை வற்றிக் கிடந்தபோது, பூவாத்தாளும் அவனும் ஒரே நண்டு வளையை ஆளுக்கொரு பக்கமாகத் தோண்டினார்கள். நண்டு தப்பித்துக்கொண்டது. இவர்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

பையன் தங்கமானவன். அவனுடைய அத்தை கருப்பாயிதான் ஒரு மாதிரி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மோப்பம் பிடிப்பாள், அப்புறம் மூஞ்சியைச் சுளிப்பாள். நிச்சயத்துக்கு வந்த அன்றே, "இக்கரை ஆளுகளுக்கு ஒரு காரியத்த ஒழுங்காச் செஞ்சு பழக்கமில்லையே. பாக்கலாம், பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் 'பாக்கலாம்' அரசாயிக்குச் சாப்பாடு இறங்கவிடாமல் செய்தது.

கீரிகளுக்கு ஒரு முறை உண்டு. பொழுது அடைவதற்குள் மாலை மாற்றியாக வேண்டும். இருட்டினால் கீரிகளெல்லாம் தூங்கப் போய்விடும், அப்புறம் மாலை மாற்றியதற்கு யார் சாட்சி? நேரம் தவறினால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. கருப்பாயி அத்தை இருக்கிற வீடு, போனால் திரும்பி வரமாட்டார்கள். பூவாத்தாளோ அந்தக் காளியப்பனைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கப் போவதில்லை.

"ஏனுங்க, இந்தக் கல்யாணத்த நம்ம ரண்டு பேரு மட்டும் செஞ்சு கரையேத்த முடியாது. வெவரம் தெரிஞ்ச ஆளா ஒருத்தரப் புடிக்கோணும்," என்றாள் அரசாயி, தன் வீட்டுக்காரன் சடையனிடம்.

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யி புள்ள," என்றான் சடையன். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொல்லி வருவது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான்.

அந்தக் காட்டில் விசேஷங்களை எடுத்து நடத்திக் கொடுக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, மேட்டில் இருக்கிற கல்லாங்காட்டில் குடியிருக்கும் ஆள்காட்டிக் குருவி முத்தக்கா. இன்னொருவன், அழகேசன் என்ற மயில்.

முதலில் முத்தக்கா வந்தாள். நெட்டைக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. நலம் விசாரிக்கவில்லை. 'பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்குது' என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

"அக்கரையிலிருந்து எத்தன பேரு வர்றாங்க?" என்றாள்.

"வருவாங்க... ஒரு கூட்டம்."

"கூட்டம்னா? பல்லுப் போனவங்க எத்தன பேரு? அவங்களுக்கு நண்டு ஆகாது. கைக்குழந்தைக எத்தன?"

"அதெல்லாம் எண்ணிப் பாக்கலீங்க முத்தக்கா."

"எண்ணுங்க. யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்ல? மாப்பிள்ளை வீட்டுல யாராச்சும் கோவிச்சுக்கிட்டு உக்காந்துட்டா, எந்திரிங்கன்னு கூப்பிடப் போறது யாரு?"

அரசாயிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மேக்கால மலையில மழை பேஞ்சு, ஓடையில திடீர்னு தண்ணி வந்துட்டா என்ன செய்வீங்க?"

அவ்வளவுதான். அரசாயி எழுந்துவிட்டாள். வால் மயிர் ஒவ்வொன்றும் சிலிர்த்து நின்றது.

"நல்ல காரியம் பேசற எடத்துல என்ன பேச்சு இது? கோவிச்சுக்குவாங்களாம், வெள்ளம் வருமாம். உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

முத்தக்கா அசரவில்லை. "எல்லாம் நல்லபடியா நடந்தா நான் எதுக்குங்க? நடக்காமப் போனாப் பாத்துக்கறதுக்குத்தானே ஆளு வெக்கறீங்க? என் கூலியையும் சொல்லிடறேன். கல்லாங்காட்டுல என் முட்டைக இருக்குது. உங்க ஒறமொறையில ஒருத்தரும் அதத் தொடக் கூடாது. மோந்து பாக்கவும் கூடாது."

கீரியிடம் போய் முட்டையைத் தொடாதே என்று சொல்வதா? அதுவும் கல்யாண வீட்டில், அதுவும் பெண்ணைப் பெற்றவளிடம்? எங்களை என்ன திருட்டுப் பரம்பரை என்று நினைத்தாளா என்று அரசாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருட்டுப் பரம்பரைதான், அது வேறு விஷயம். முகத்துக்கு நேரே சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"யோசிச்சுச் சொல்லி அனுப்பறேனுங்க," என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று முத்தக்காவுக்குத் தெரியாதா என்ன? பறந்து போய்விட்டாள். சடையன் மட்டும் வாசல்வரை போய், அவள் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று மாலையே அழகேசன் வந்தான்.

வந்தான் என்றா சொல்வது? எழுந்தருளினான். வாசலில் நின்று ஒரு சிலுப்புச் சிலுப்பித் தோகையை விரித்தான். வெயில் அதில் பட்டு, வளைக்குள்ளெல்லாம் பச்சையும் நீலமுமாக மின்னியது. குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. தோகையைப் பார்த்த பிறகு குரலை யார் கவனித்தார்கள்?

"அம்மா, நீங்க ஒண்ணையும் பத்திக் கவலைப்படாதீங்க. எல்லாத்தையும் எங்கிட்ட உட்டுருங்க. ஜமாய்ச்சுப்புடலாம். மான் வீட்டு விசேஷம் பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தாள். அந்த விசேஷத்தை அரசாயி மறக்கவே இல்லை. பாறைமேல் நின்று அழகேசன் ஆடிய ஆட்டத்தை இப்போதும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். மான் வீட்டுக் கல்யாணப் பெண்ணின் முகம்தான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அக்கரை ஆளுங்க வாயடைச்சுப் போகோணும். அதுதான் எனக்கு வேணும்," என்றாள்.

"வாயத் தொறந்தா மூட மாட்டாங்க. அப்படிச் செஞ்சுப்புடறேன்."

சடையன் தொண்டையைச் செருமினான். "ஒருவேளை மழை கிழை வந்துட்டா..."

அழகேசனின் கண்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. "மழையா? மழை வந்தாத்தானுங்க நம்ம வேலையே களைகட்டும்!"

"பாத்தீங்களா?" என்று அரசாயி புருஷனை இடித்தாள். "இதுதான் மங்களகரமான பேச்சு. அவளும் இருக்காளே." அப்புறம் மயிலிடம் திரும்பி, "உங்களுக்கு என்ன செய்யோணும்?" என்று கேட்டாள்.

"எனக்கு எதுவும் வேண்டாமுங்க. நாலு பேரு பாத்தாப் போதும்."

கூலியே வேண்டாம் என்கிற ஆளை எங்கே தேடினாலும் கிடைக்குமா? அரசாயி அந்த நிமிஷமே பொறுப்பை ஒப்படைத்துவிட்டாள்.

வேலை தொடங்கியது. அழகேசன் இடத்தைத் தேர்ந்தெடுத்தான். ஓடைக்கு நடுவில், மெத்தென்று கிடந்த வெள்ளை மணல். பக்கத்திலேயே ஒரு பெரிய பாறை.

"எல்லாரும் மணல்ல உக்காந்துக்கட்டும். நான் பாறைமேல நிக்கறேன். கீழயிருந்து அண்ணாந்து பாத்தா தோகை அம்சமா இருக்கும்," என்றான்.

பந்தல் தூண்களில் ஊதாப் பூவைக் கட்டினான், தன் கழுத்து நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று. பாட்டுக்குக் குயிலை ஏற்பாடு செய்தான், தன் காலடிக்குத் தகுந்தபடி பாட வேண்டும் என்று கண்டிஷனோடு. பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிற இடம் பாறையின் ஓரத்தில், தோகையின் நிழலுக்குள் வந்தது.

"சாப்பாடு?" என்று அரசாயி ஒரு முறை கேட்டாள்.

"அது ஆயிரும்மா," என்றான் அழகேசன், தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டே.

சடையனுக்கோ வேறு வேலை இருந்தது. தினமும் எங்கோ போனான், வந்தான். எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூட அரசாயிக்கு நேரமில்லை. நண்டும் நத்தையும், பல்லுப் போனவர்களுக்கென்று மெதுவான புழுவுமாகத் தேடிப் பிடித்து, கல்லாங்காட்டுப் பாறைச் சந்தில் ஈரக் கோரையைப் போட்டு மூடி வைத்துக்கொண்டிருந்தான் அந்த மனுஷன்.

கல்யாண நாள் வந்தது. மத்தியானத்துக்கு மேல் அக்கரைக் கூட்டம் ஓடைக்குள் இறங்கி வந்தது. கிழடு கட்டைகள், குஞ்சு குளுவான்கள், எல்லாரும் மணலில் உட்கார்ந்தார்கள். கருப்பாயி அத்தை நடுநாயகமாக உட்கார்ந்து மோப்பம் பிடித்தாள். சாப்பாட்டு வாசனை எதுவும் வரவில்லை. மூஞ்சி சுளிந்தது.

"மாலையை மாத்திரலாமுங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"இருங்க, இருங்க. மொதல்ல நம்ம வரவேற்பு ஆட்டம்," என்றான் அழகேசன் பாறைமேலிருந்து.

வரவேற்பு ஆட்டம் முடிந்தது. அப்புறம் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று தனியாக ஓர் ஆட்டம். அப்புறம் குயில் சரியாகப் பாடவில்லை என்று முதலிலிருந்து ஓர் ஆட்டம். ஆவாரம்பூ மாலையை வாயில் கவ்விக்கொண்டு பூவாத்தாள் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

அப்போதுதான் மேற்கே மலைமேல் மேகம் திரண்டது. கருகருவென்று, ஒன்றன்மேல் ஒன்றாக. இடி ஒன்று உருண்டு வந்தது.

அரசாயி பாறையடிக்கு ஓடினாள். "அழகேசா, மழை வருது. எல்லாரையும் மேட்டுக்கு ஏத்திரலாமா?"

அழகேசன் மேகத்தைப் பார்த்தான். அவன் உடம்பு சிலிர்த்தது. கண் சொருகியது. தோகை தானாக விரிந்தது. இதுவரை ஆடியதெல்லாம் ஒத்திகை என்பதுபோல ஒரு சுழல் சுழன்றான்.

"அழகேசா!"

"வந்துருச்சும்மா... வந்துருச்சு..." என்று அகவினான். அவ்வளவுதான், அதற்குமேல் அவன் காதில் எதுவும் விழவில்லை.

மயிலைத் திட்டி என்ன செய்வது? மேகத்தைக் கண்டால் மயில் ஆடும். அது காட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும், அரசாயிக்கும் தெரியும். மழை வருகிற நேரத்தில் ஊரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பை, மழை வந்தால் தன்னையே மறக்கிறவனிடம் கொடுத்தது அவள்தானே.

மழை சடசடவென்று அடித்தது. மலைப்பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. அரசாயி காதைத் தரையில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர். தூரத்தில்தான், ஆனால் வந்துகொண்டிருக்கிறது. மணலில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும், தன் மகளும், என்ன செய்வதென்று தெரியாமல் மயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு முத்தக்கா கேட்ட அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. வெட்கமும் வந்தது. ஆனால் வெட்கப்பட இப்போது நேரமில்லை. கரையேறி, கல்லாங்காட்டைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடினாள்.

முத்தக்கா முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தாள். மூச்சு இரைக்க இரைக்க வந்து நின்றவளைப் பார்த்து அவள் 'நான் அன்னைக்கே சொல்லலையா' என்று கேட்கவில்லை. கேட்டது வேறு.

"எத்தன பேரு?"

"எண்... எண்ணலீங்க முத்தக்கா. தப்புத்தான். அன்னைக்கு நான் பேசுனதும் தப்பு. எம் புள்ள கீழ நிக்குதுங்க."

"என் கூலி?"

"எங்க ஒறமொறையில ஒருத்தரும் தொட மாட்டாங்க. நான் பொறுப்பு."

"வெறும் வாய்ப் பேச்சு வேண்டாம். கூட்டத்த நான் இந்த மேட்டுக்குத்தான் கொண்டுவரோணும். வேற எடமில்ல. அதனால நான் கல்யாணத்தப் பாத்துக்கறேன், நீங்க வந்து முட்டையப் பாருங்க. நனையக் கூடாது. ஆறிப்போகவும் கூடாது. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

அரசாயி உடனே குனிந்தாள். முட்டைகளின்மேல் மெல்ல உடம்பைப் பரத்திப் படுத்தாள். அவை வெதுவெதுவென்று வயிற்றில் பட்டன. காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. நாக்கில் எச்சில் ஊறியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

முத்தக்கா கத்திக்கொண்டே ஓடைக்குப் பறந்தாள். அந்தக் கத்தல் கேட்டால் ஆபத்து என்று காட்டில் எல்லாருக்கும் தெரியும். மணலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஆனால் எந்தப் பக்கம் போவதென்று ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் முன்னால நடங்க!" என்றாள் முத்தக்கா. "இவங்க எங்க போறாங்களோ கூட்டம் அங்க வந்துரும். குஞ்சுகள அவங்கவங்க அம்மா கவ்விக்கோங்க. நடக்க முடியாதவங்களுக்கு ஆளுக்கு ரண்டு பேரு தோள் குடுங்க."

கூட்டம் வரிசையாகக் கரையேறியது. ஒருத்தி மட்டும் மணலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கருப்பாயி அத்தைதான். மழை தலையில் கொட்டுகிறது, ஓடையில் செம்மண் தண்ணீர் எட்டிப்பார்க்கிறது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்த, வாங்க அத்த," என்றான் காளியப்பன் கரையிலிருந்து.

"பொண்ணு வீட்டுக்காரங்க வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னாங்களா? கூப்பிடாத எடத்துக்கு நான் எப்படிடா வருவேன்?"

அப்போது சடையன் கீழே இறங்கினான். வேகமாகப் போகவில்லை, வேகமாகப் போனால் மரியாதையாக இருக்காது. கிட்டே போய் முன்னங்கால் இரண்டையும் கூப்பினான்.

"வாங்க சம்பந்தியம்மா. நீங்க முன்னால நின்னாத்தான் மாலை மாத்தறதுக்கே ஒரு களை வரும். நீங்க வர்றவரைக்கும் அங்க ஒண்ணும் நடக்காதுங்க."

அவன் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. கருப்பாயி அத்தை நிதானமாக எழுந்து, உடம்பை உதறி, முன்னால் நடந்தாள். அவர்கள் இருவரும் கரையேறிய சற்று நேரத்தில் வெள்ளம் வந்து மணல், பந்தல், ஊதாப் பூ எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. பாறை மட்டும் மிச்சம். அதன்மேல் அழகேசன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

மேட்டில் எல்லாரும் வந்து கூடினார்கள். சடையன் கோரையை விலக்கிச் சாப்பாட்டை எடுத்து வைத்தான். நண்டு வாசனை எட்டியதும் அத்தையின் மூக்கு மலர்ந்தது. அப்புறம் அவள் காலாற ஒரு கல்லைத் தேடிப் போய், அரசாயிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் சம்பந்தி, உங்களுக்கு அடியில இருக்கற கல்லு மட்டும் என்ன, ரொம்ப வழவழன்னு இருக்குது? தள்ளுங்க பாக்கலாம்."

"கல்லுதானுங்க," என்றாள் அரசாயி, இன்னும் நன்றாகப் பரத்திப் படுத்தபடி. "வெறுங்கல்லு. எனக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு, அசைய முடியல."

மழை விட்டது. மேற்கே மேகத்துக்கு அடியில் ஒரு கீற்று வெயில் எட்டிப் பார்த்தது.

"பொழுது இன்னும் அடையல. இப்பவே மாத்துங்க," என்று முத்தக்கா கத்தினாள்.

கீரிகளெல்லாம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுற்றி வளைத்து நின்றன. அரசாயி தலையை உயர்த்திப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வால்கள்தான். நெட்டை வால், குட்டை வால், நனைந்த வால். குலவைச் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது. பெற்ற மகள் கழுத்தில் மாலை விழுந்ததை அவள் பார்க்கவில்லை. எழுந்தால் பார்த்திருக்கலாம். பக்கத்திலேயே அத்தை இருக்கிறாளே, எப்படி எழுவது? அரசாயிக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் விலகியது. ஈர மாலையோடு பூவாத்தாள் வந்து அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "அம்மா, பாரும்மா," என்றாள். அரசாயி பார்த்தாள். படுத்தபடியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முத்தக்கா வந்து முட்டைகளை எண்ணிப் பார்த்து, "செரி, எந்திரிங்க," என்று சொன்ன பிறகுதான் அரசாயி எழுந்தாள்.

பொழுது அடைகிற நேரத்தில், சொட்டச் சொட்ட நனைந்து அழகேசன் மேட்டுக்கு வந்து சேர்ந்தான். தோகை விளக்குமாறு போல ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டான்.

அவரவர் வாயில் நண்டு இருந்தது. கடைசியில் சடையன்தான் பதில் சொன்னான்.

"உனக்கு எப்படித் தோணுதோ, அப்படித்தான் தம்பி."

அடுத்த வருஷம் அரசாயி தன் மகனுக்குப் பெண் பார்த்தாள். முதல் வேலையாக முத்தக்காவுக்குச் சொல்லி அனுப்பினாள். முத்தக்கா வந்தாள், உட்காரவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை ஓடிப்போய்ட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

அரசாயியின் வால் ஒரு கணம் சிலிர்த்து, அப்புறம் மெல்லத் தணிந்தது.

"அதானே! கேளுங்க முத்தக்கா," என்றாள். "வேற என்னெல்லாம் கேக்கோணும்?"

நம் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வைக்கும்போது, தன் பெருமையைக் காட்டுகிறவரை அல்ல, நமக்குக் கேட்கப் பிடிக்காத கேள்வியை முன்கூட்டியே கேட்கிறவரையே நம்பி ஒப்படைக்க வேண்டும்.